‘ஐ ஆம் பர்ன்அவுட்’: ஒரே வரியில் இரண்டு தவறு

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் லீவு கேட்டு மெயில் போட்டிருந்தார்: ‘ஐ ஆம் பர்ன்அவுட், நீட் ஒன் டே லீவ்.’ லீவு கிடைத்துவிட்டது. இங்கிலீஷ்தான் உதைக்கிறது.

ஒட்டி எழுதும் ‘பர்ன்அவுட்’ பெயர்ச்சொல்; வேலையில் உழைத்து உழைத்து ஓய்ந்துபோகிற நிலைக்குப் பெயர். ‘நான் காய்ச்சல்’ என்று யாராவது சொல்வார்களா? ‘ஐ ஆம் பர்ன்ட் அவுட்’ என்றுதான் வர வேண்டும். வினையாக வந்தால் பிரித்து எழுதணும்: ‘ஷி வில் பர்ன் அவுட்.’ ‘அவுட்’டை விழுங்கி ‘ஐ காட் பர்ன்ட்’ என்றீர்களானால் கதையே மாறிவிடும். தீக்காயம் பட்டது, அல்லது ஷேர் மார்க்கெட்டில் கையைச் சுட்டுக்கொண்டது என்று ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, பொருளில். விசாரித்தால், “ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மேட்ச் பார்த்தேண்ணே” என்கிறார் தம்பி. அது வெறும் ‘டயர்ட்’. ரொம்ப அசதி என்றால் ‘வோர்ன் அவுட்’, ‘டிரெயின்ட்’ (drained). தூங்கி எழுந்தால் சரியாகிற களைப்புக்குப் பர்ன்அவுட் என்று பெயர் கிடையாது.

1974இல் இந்தச் சொல்லை உளவியல் கட்டுரைக்குள் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு உழைக்க வந்தவர்கள் மாதக்கணக்கில் உழைத்து ஓய்ந்துபோனதைப் பார்த்து எழுதினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது வேலையே கசந்துபோவது, வேலைத்திறன் குறைவது. வேலை சம்பந்தப்பட்ட நிலை இது, நோய் அல்ல என்றும் சொல்லிவிட்டது. பேச்சில் பரீட்சைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இதைச் சொல்கிறார்கள், தப்பில்லை. மெடிக்கல் லீவு படிவத்தில் நோயின் பெயராக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தமிழில் ‘எரிந்துபோனேன்’ என்று பெயர்ப்பதும் எனக்கு ஒட்டவில்லை. நமக்கு எரிச்சல் என்றால் கோபம், வயிற்றெரிச்சல் என்றால் பொறாமை. இங்கே தீயே அணைந்துவிட்டது. எண்ணெய் வற்றித் திரி கருகின விளக்கு. ‘சக்கையாப் பிழிஞ்சுட்டாங்க’ என்பதில் பாதிதான் வருகிறது. ‘வேலையே வெறுத்துப்போச்சு’ என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.