பிற நாட்டுக் கடற்படையில் சேர விரும்பும் அதிகாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டின் கடற்படை அதிகாரியாக இருந்து, வேறொரு நாட்டின் கடற்படையிலும் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் சிங்கப்பூரில் குடியேறியவன் நான். ஆலோசனை கேட்டு இங்குள்ள தேக்கா வட்டாரத்துக்கு வரும் இளம் அதிகாரிகளின் விண்ணப்பங்களில் என் பழைய பிழைகளையே மீண்டும் மீண்டும் காண்பதால் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, காலாவதியான கடப்பிதழ் போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

பணிமூப்புத் தேதியைக் கேட்காமல் கையெழுத்திடுவது

எனக்கு வந்த நியமனக் கடிதத்தில் லெப்டினன்ட் கமாண்டர் என்று இருந்ததைக் கண்டதும், பழைய பதவியே கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அன்றே கையெழுத்திட்டேன். பணிமூப்பு, சேரும் நாளிலிருந்துதான் கணக்கிடப்படும் என்பது பின்னிணைப்பில் இருந்தது. அதே பதவியில் முன்பு நான் கழித்த ஐந்து ஆண்டுகள் கணக்கில் வராமல் போயின. எனக்குப் பின் கடலுக்கு வந்தவர்கள் எனக்கு முன்பே பதவி உயர்வு பெற்றார்கள். கையெழுத்திடும் முன் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம் என்பதால், இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. சேர்ந்தபின் எழுதிய முறையீடுகள் எவையும் பலன் தரவில்லை.

அதிகார எல்லையையும் எழுத்தில் பெறுங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற ஜான் பால் ஜோன்ஸ், 1788-இல் பேரரசி இரண்டாம் கேத்தரினின் ரஷ்யக் கடற்படையில் ரியர் அட்மிரலாகச் சேர்ந்தார். கருங்கடலில் பாய்க்கப்பல்கள் அவரிடமும் துடுப்புப் படகுகள் நசாவ்-சீகன் இளவரசரிடமும் இருந்தன. இருவரில் யார் சொல்லுக்கு யார் கட்டுப்பட வேண்டும் என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. தினீப்பர் கழிமுகத்தில் துருக்கியரை வென்ற பெருமை இளவரசருக்கே போயிற்று. ஜோன்ஸ் அவ்வாண்டே திருப்பி அழைக்கப்பட்டு, 1789-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். அவர் பெற்ற பதவி உயர்ந்ததுதான், ஆனால் அதன் எல்லையை யாரும் அவருக்கு வகுத்துத் தரவில்லை.

குடியுரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது

சிங்கப்பூர், வயது வந்தோருக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை, இந்தியாவும் அனுமதிப்பதில்லை. சேரப்போகும் படை குடியுரிமை மாற்றத்தை எதிர்பார்க்கிறதா, எந்தக் கட்டத்தில் எதிர்பார்க்கிறது என்பதை முதலில் கேட்டறிந்து, வீட்டாருடன் பேசிய பிறகே விண்ணப்பியுங்கள்.

பழைய படையின் விடுவிப்பு ஆணைக்கு முன்பே புதிய படையில் சேரும் தேதியை உறுதிசெய்வது

செய்யாதீர்கள்.

நேர்முகத்தில் பழைய கப்பலின் கருவிகளை விவரிப்பது

ஒரு சொல்லும் வேண்டாம். சீருடையைக் கழற்றிய பிறகும் ரகசியக் காப்புச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தும்.