சப்வூஃபரை இணைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கடலோர வீடுகளுக்கு ஒரு விளக்கம்

கீழக்கரை, தொண்டி, மண்டபம் என்று இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில், வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர் கொண்டுவந்த ஹோம் தியேட்டர் பல வீடுகளின் ஹாலில் இருக்கிறது. அதில் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் பெட்டியான சப்வூஃபரைப் பற்றிச் சொல்லப்படும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான்: காது அடைக்கும்படி முழங்குகிறது என்பது ஒன்று, இருப்பதே தெரியவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பெட்டியின் பழுது காரணமாக இருப்பது அரிது. இணைத்த விதத்திலும் வைத்த இடத்திலும்தான் பிழை இருக்கும்.

மின் இணைப்பிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் விற்கப்படும் கருவிகள் நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கக்கூடியவையே. ஆனால் அவற்றின் பிளக்கில் செவ்வக வடிவில் மூன்று பின்கள் இருக்கும். அது நம் சுவிட்ச் போர்டில் நுழையாது என்பதற்காகப் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்கை மாட்டினால், உள்ளே இருந்த ஃபியூசும், கருவிக்கு எர்த் ஒயர் இருந்தால் அதன் தொடர்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. எர்த் பின் உள்ளபடியே இணைக்கப்பட்ட மூன்று பின் அடாப்டரை வாங்குவதே முறை. சவூதியிலிருந்து வந்த பழைய செட் என்றால் இன்னும் கவனம் தேவை: அங்கே 127 வோல்ட் மின்சாரமும் புழக்கத்தில் இருந்ததால், சில கருவிகளின் பின்புறத்தில் 110, 220 என்று மாற்றிக்கொள்ளும் சிறு சுவிட்ச் இருக்கும். அது 110-இல் இருக்கும்போதே பிளக்கைச் செருகினால் பவர் சப்ளை புகைந்துவிடும்.

அடுத்தது, படம் ஓடாதபோதும் விடாமல் கேட்கும் இரைச்சல். எர்த் பின்னைக் கழற்றினால் அது நின்றுவிடும் என்று சொல்லித்தருபவர்கள் உண்டு. நின்றுவிடவும் கூடும், ஆனால் கருவிக்குள் கசிவு ஏற்பட்டால் அதன் உலோகப் பகுதியைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். ரிசீவரும் (ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி) சப்வூஃபரும் வெவ்வேறு சுவர்களிலிருந்து மின்சாரம் எடுப்பதும், மாடியிலிருந்து இறங்கும் டிஷ் கேபிள் தனி வழியில் எர்த் ஆகியிருப்பதும் இந்த இரைச்சலுக்கு வழக்கமான காரணங்கள். டிஷ் கேபிளை ஒருமுறை கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அதுதானா என்பது தெரிந்துவிடும். இல்லையென்றால் இரண்டு கருவிகளையும் ஒரே போர்டிலிருந்து இணைத்துப் பார்க்க வேண்டும். அத்துடன், உப்புக்காற்றில் எர்த் குழாயின் கிளாம்ப் துருப்பிடித்து, தொடர்பு பெயரளவில் மட்டும் மிஞ்சியிருக்கும் வீடுகளும் இங்கே இருப்பதால், எலக்ட்ரீஷியனை அழைத்து அதையும் சோதித்துக்கொள்வது நல்லது.

அதே உப்புக்காற்று, ரிசீவரிலிருந்து சப்வூஃபருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளின் முனையையும் விட்டுவைப்பதில்லை. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே ஓராண்டு கிடந்த கேபிளை உருவிப் பார்த்தால், வெளி வளையத்தில் பச்சைப் பொடி பூத்திருப்பதைக் காணலாம். ஒலி விட்டுவிட்டு வருவதற்கும் கரகரப்பதற்கும் இதுவே போதும். இதற்கு உப்புத்தாளைப் போடக் கூடாது. தேய்த்தால் பூச்சு போய் அடுத்த முறை இன்னும் விரைவில் பச்சை பிடிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, முனையைச் செருகியபடியே இரண்டு மூன்று முறை திருகிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி, முழக்கத்துக்கு முதன்மையான காரணமான கிராஸ்ஓவர் அமைப்பைப் பார்ப்போம். எவ்வளவு தாழ்ந்த ஒலிகள் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதை ரிசீவர் தீர்மானிக்கிறது; அதே வேலைக்குச் சப்வூஃபரின் பின்புறத்திலும் ஒரு குமிழ் இருக்கிறது. இரண்டையும் 80 ஹெர்ட்ஸில் வைத்தால், ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்பட்டு, அந்த எல்லையருகே ஒலி குன்றிவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட ஒலியளவைக் கூட்டும்போது கீழே உள்ள ஒலிகள் எல்லை மீறுகின்றன. ரிசீவரின் ‘சப்வூஃபர் அவுட்’டிலிருந்து ஒரே கேபிளைச் சப்வூஃபரில் ‘எல்.எஃப்.இ.’ என்று குறித்த இடத்தில் செருகி, சப்வூஃபரின் குமிழை அதன் உச்ச அளவுக்குத் திருப்பிவிட்டு, மற்ற ஸ்பீக்கர்களை ரிசீவரில் ‘ஸ்மால்’ என்று அமைத்து, 80 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது. உயரமான ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ‘ஸ்மால்’ என்பது கௌரவக் குறைவாகத் தோன்றலாம். அது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியை எங்கே பிரிப்பது என்பதற்கான கட்டளையே தவிர, ஸ்பீக்கரின் தகுதிக்கு இடப்பட்ட மதிப்பெண் அன்று. மைக் வைத்துத் தானாக அளக்கும் ரிசீவர், மூன்று மீட்டரில் உள்ள சப்வூஃபரை ஐந்து மீட்டர் தொலைவில் இருப்பதாகக் காட்டினால், டேப் பிடித்து அளந்து அதைத் திருத்தவும் வேண்டாம். சப்வூஃபரின் மின்னணுச் சுற்றில் ஏற்படும் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தே அது அவ்வாறு காட்டுகிறது.

இடத்தைப் பொறுத்தவரை, மூலையில் வைத்தால் பேஸ் கூடும் என்பது உண்மை. அது தெளிவாக இருக்குமா என்பது வேறு விஷயம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 12 அடி இருந்தால் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் ஒலி அங்கே முட்டி மோதிப் பெருகும். நீளமும் அகலமும் 12 அடியாக உள்ள சதுர அறையில் இரண்டு திசைகளிலும் அதே ஒலி பெருகுவதால் நிலைமை இன்னும் மோசம். திரைச்சீலையும் கம்பளமும் இவ்வளவு தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்வதில்லை. சப்வூஃபரைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் நாற்காலியின் மேல் வைத்து, பேஸ் மிகுந்த ஓர் இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டுக்கொண்டே போக வேண்டும். வீட்டார் சிரிக்கத்தான் செய்வார்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டியை வைக்க வேண்டும். அதன் பிறகு, சப்வூஃபரின் ஒலியலையை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகச் செய்யும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் மாற்றிக் கேட்டு, பேஸ் நிறைவாக ஒலிக்கும் நிலையில் விட்டுவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி இடிக்கத் தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். விளக்கு அணைந்த ‘ஸ்டாண்ட்பை’ நிலையிலும் சப்வூஃபர் மின்சாரத்தோடு இணைந்தே இருக்கிறது. மின்னலின் அதிர்வு டிஷ் கேபிள் வழியாகவும் வரக்கூடும் என்பதால், அதையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.