மழைக்காலம் முழுவதும் ஓடாமல் கிடந்த படகு எஞ்சின் தடுமாறினால்

படகு எஞ்சின் பராமரிப்பைப் பற்றிய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. எஞ்சினுக்குள் தங்கிய நீர் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும் என்பதே அவற்றின் முதல் கவலை. சிங்கப்பூரில் அந்தக் கவலைக்கு இடமில்லை. ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடல் கொந்தளிப்பதாலும் மழை விடாமல் பெய்வதாலும், சாங்கியிலும் பொங்கோலிலும் செம்பவாங்கிலும் பல படகுகள் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கின்றன. தைப்பூசம் முடிந்து வானம் தெளிந்தபின் சாவியைத் திருகினால் எஞ்சின் கிளம்புகிறது. ஆனால் ஐடிலிங்கில், அதாவது கியர் போடாமல் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது, உடம்பெல்லாம் உதறுகிறது, கியரைப் போட்டதும் நின்றுவிடுகிறது. இங்கே எஞ்சினைக் கெடுப்பவை பழைய பெட்ரோல், ஈரக்காற்று, உப்பு ஆகிய மூன்றுதான். கீழே சொல்பவை முக்கியமாக படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின்களுக்குப் பொருந்தும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ஐடிலிங் வேகத்தைக் கூட்டும் திருகின்மேல் கை வைக்கக் கூடாது. படகை நிறுத்தியபோது ஒழுங்காக ஓடிய எஞ்சினின் அமைப்புகள் சும்மா கிடந்ததால் மாறிவிடப் போவதில்லை. அந்தத் திருகைத் திருப்பினால் உதறல் சற்று அடங்கியதுபோலத் தோன்றும். உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும். பிற்பாடு வரும் மெக்கானிக்குக்கு இரண்டு கோளாறுகள் காத்திருக்கும். முதலில் எரிபொருள், அடுத்துத் தீப்பொறி, கடைசியாக எஞ்சினின் உட்பகுதி என்ற வரிசையில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

படகு டிரெய்லரில் இருந்தால், எஞ்சினின் நீர் உறிஞ்சும் வாயில்களில் குழாய்நீரை இணைக்கும் ரப்பர்க் கவ்விகளைப் பொருத்தாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை இழுக்கும் பம்பிலுள்ள ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர், நீரில்லாமல் சுழன்றால் சில நொடிகளிலேயே சேதமடையத் தொடங்கிவிடும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். புரொப்பெல்லர் அருகே யாரும் நிற்க வேண்டாம். படகின் உள்ளே பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அது அடித்தட்டில் தேங்கி நிற்கும். ஆகவே மூடியைத் திறந்து வைத்து, காற்றோட்ட விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே சாவியைத் தொட வேண்டும்.

இப்போது எரிபொருளுக்கு வருவோம். என் கணிப்பில் மழைக்கால ஓய்வுக்குப் பிறகு வரும் தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும். நீர் பிரிக்கும் ஃபில்டரின் கிண்ணத்தில் இருப்பதை ஒரு நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலில் வடித்து, அசைக்காமல் பத்து நிமிடம் வையுங்கள். நல்ல பெட்ரோல் தெளிவாக இருக்கும். பழையது கருமஞ்சள் நிறமாக மாறி, வார்னிஷ் வாடை அடிக்கும். நீர் கலந்திருந்தால் அது அடியில் தனிப் படலமாகவோ, பாட்டிலைச் சாய்க்கும்போது உருண்டோடும் முத்துகளாகவோ தெரியும். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிர்ச்சியால் ஈரம் படிந்து நீராவது உண்மைதான். ஆனால் பாட்டிலில் விரற்கடை அளவு நீர் நின்றால் நான் முதலில் சந்தேகிப்பது தளத்தில் உள்ள டாங்க் மூடியைத்தான். அதன் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருந்தால், இங்கு கொட்டும் மழை நேராக டாங்குக்குள் இறங்கிவிடும். வளையத்தை மாற்றாமல் பெட்ரோலை மட்டும் மாற்றுவது வீண் செலவு. வடித்த பெட்ரோலைக் கடலிலோ சாக்கடையிலோ ஊற்றுவது சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற கழிவு அகற்றும் நிறுவனத்திடம் ஒப்படைக்க உங்கள் படகுத்துறை அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

அடுத்துச் செய்ய வேண்டிய சோதனை எளியது, ஆனால் பலர் அதைச் செய்வதில்லை. புதிய பெட்ரோல் நிரப்பிய ஒரு கைடாங்கை, அதற்கென்று தனிக் குழாயோடும் கையால் அமுக்கும் குமிழோடும் எஞ்சினில் நேரடியாக இணைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். உதறல் நின்றுவிட்டால் கோளாறு படகின் டாங்கிலோ குழாயிலோ ஃபில்டரிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் எஞ்சினில் இருக்கிறது. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

கோளாறு டாங்கின் பக்கம் என்றால் படகின் சொந்தக் குழாயை மறுபடி இணைத்து, அதிலுள்ள குமிழைக் கவனியுங்கள். எஞ்சின் ஓடும்போது அது சப்பிப்போனால் டாங்கின் காற்றுத் துளை அடைபட்டிருக்கக்கூடும். மாதக்கணக்கில் நின்ற படகின் காற்றுத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருப்பது இந்த ஊரில் அதிசயமில்லை. எவ்வளவு அமுக்கினாலும் குமிழ் இறுகாவிட்டால், எங்கோ ஓர் இணைப்பில் காற்று நுழைகிறது அல்லது குமிழின் உள்வால்வு தேய்ந்துவிட்டது. குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உட்பூச்சு உரிந்து வழியை மறைப்பதும் உண்டு. சந்தேகமிருந்தால் குழாயை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

கோளாறு எஞ்சினின் பக்கம் என்றால் எந்த வேகத்தில் தடுமாறுகிறது என்று பாருங்கள். ஐடிலிங்கில் உதறி, வேகம் கூட்டியதும் சீராக ஓடினால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் ஐடிலிங் ஜெட்டில் அடைப்பு இருக்கக்கூடும். அதன் துளை மிகச் சிறியது. பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் பிசின் அதை எளிதில் மூடிவிடும். கிளீனர் தெளித்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம்; கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, ஜெட்டையே மாற்ற நேரிடும். ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து வேகத்தில் திணறினால் எரிபொருள் போதாத அளவில் வருகிறது என்று கொண்டு ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள். பெட்ரோலில் கலக்கும் கிளீனர் மருந்துகள் லேசான பிசினைக் கரைக்கும்; முழுதாக அடைபட்ட ஜெட்டை அவை திறக்குமென்று நம்ப வேண்டாம். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் உள்ள எஞ்சின் என்றால் அவற்றைக் கழுவும் வேலையை அதற்கான கருவி உள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

எரிபொருள் சரியென்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று எண் எழுதி வரிசையாக வையுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரிகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் அங்கே தீப்பொறி வராமல் இருக்கலாம். நீர்த்துளியோ துருவோ தெரிந்தால் எஞ்சினை மறுபடி கிளப்பாமல் மெக்கானிக்கை அழையுங்கள். நிறுத்தும் முன் சிலிண்டருக்குள் பாதுகாப்பு எண்ணெய் தெளித்திருந்தால், முதல் ஓட்டத்தில் புகையும் தடுமாற்றமும் வருவது இயல்பு. எண்ணெய் எரிந்து தீர்ந்தபின் புதுப் பிளக்குகளைக் கையேட்டில் சொன்ன இடைவெளியோடு போடுங்கள். பிளக் வயர் மூடிகளிலும் பாட்டரி முனைகளிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும். முழுதாகச் சார்ஜான 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 அளவுக்கு இறங்கியிருந்தால் பாதி வலுதான் மிச்சம். இன்ஜெக்டர் எஞ்சின்கள் இந்தக் குறையைக் கார்புரேட்டர் எஞ்சின்களைவிட மோசமாகக் காட்டிக்கொடுக்கும்.

இத்தனைக்கும் பிறகு உதறினால், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை தேவை. சிலிண்டர்களுக்கிடையே அழுத்த வேறுபாடு பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் உள்ளே வால்வோ பிஸ்டன் வளையமோ ஒட்டியிருக்கலாம். இது வீட்டு வேலை அல்ல.

கியரில் ஓடும்போது மட்டும் அதிர்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் எஞ்சின் அல்ல. ஜோகூர் நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் கட்டிக் கிடந்த படகின் புரொப்பெல்லரில் சிப்பியும் கொட்டலசும் அப்பியிருக்கும்; முதலில் அதைச் சுரண்டுங்கள். டீசல் எஞ்சினாக இருந்தால் ஃபில்டரில் கருப்பு வழுவழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்: நீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்களின் வேலை அது. ஃபில்டரை மாற்றியபின் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றாவிட்டால் அதுவே புதிய தடுமாற்றமாகும்.

கரையில் சீரானதும் கடலில் சோதிக்க வேண்டும். உரிமம் உள்ளவர் சுக்கானைப் பிடிக்க, நங்கூரத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, கப்பல் வழித்தடங்களை விட்டு விலகிக் கரையோரமாகவே ஓட்டுங்கள். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் குளிர்நீர் மெலிந்தால் உடனே நிறுத்தி அந்தத் துளையையும் இம்பெல்லரையும் பாருங்கள். மறுபடி தடுமாறி மெக்கானிக்கை அழைக்க நேர்ந்தால், எண் எழுதிய பழைய பிளக்குகளையும் வடித்த பெட்ரோல் பாட்டிலையும் அவரிடம் காட்டுங்கள்; எந்த வேகத்தில் உதறியது, கைடாங்கில் ஓட்டியபோது என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட்டால், நீங்கள் முடித்த சோதனைகளுக்கு அவர் மறுபடி மணிக்கணக்கில் கூலி கேட்க வேண்டியிருக்காது.