நெடுநடைக்கு அப்பால் நிற்கும் பாறையில் ஏறுவது எப்படி: பிங்கோராவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், விண்ட் ரிவர் மலைத்தொடரின் தென்பகுதியில், அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் சிகரங்களின் கூட்டத்துக்கு சர்க் ஆஃப் த டவர்ஸ் என்று பெயர். சாலை முடியும் பிக் சாண்டி என்ற இடத்திலிருந்து அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கூடாரம், உணவு, கயிறு, கருவிகள் அனைத்தும் முதுகில் ஏறித்தான் போக வேண்டும். பாறைப் பிளவுகளில் பாதுகாப்புக் கருவிகளைத் தாமே பொருத்திக்கொண்டு ஏறும் ட்ராட் முறையில் ஏற்கெனவே தேர்ந்து, ஒரே பாறையில் பல கயிற்று நீளங்கள் ஏறிப் பழகிய இருவர், முதன்முறையாக இப்படியொரு தொலைதூரப் பாறைக்குச் செல்வதாகக் கொண்டு இதை எழுதுகிறேன். ஏறவே புதியவர்களுக்கு இந்த இடம் ஏற்றதன்று.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த வழியில் ஏறுவது என்பதை. சர்க்கின் நடுவே தனித்து எழும் பிங்கோரா சிகரம் 11,884 அடி உயரமுடையது. அதன் உச்சியை மனிதர்கள் முதலில் தொட்டது 1940இல். அதன் தெற்கு முட்டுச்சுவர் வழியாகச் செல்லும் ஏற்றத்தின் கடினம், எண் கூடக்கூடக் கடினமும் கூடும் அமெரிக்க அளவுகோலில் 5.6. அருகிலுள்ள வுல்ஃப்ஸ் ஹெட் சிகரத்தின் கிழக்கு விளிம்பும் (முதல் ஏற்றம் 1959) அதே 5.6 தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் எந்த இடத்திலிருந்தும் கயிற்றில் தொங்கி இறங்கி, ஏறிய வழியாகவே திரும்பிவிடலாம். இரண்டாவதோ இருபுறமும் பள்ளம் பார்த்தபடி நீண்டு செல்லும் கூர்மையான விளிம்பு. பாதி தூரம் சென்ற பின் திரும்புவதும் முன்னே செல்வதும் ஏறக்குறைய ஒரே அளவு உழைப்பைக் கேட்கும். எண்ணைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். ஊர்ப் பாறையில் 5.9 வரை தயக்கமின்றி முன்னேறுபவரும் இங்கே முதல் ஏற்றமாகப் பிங்கோராவின் தெற்குச் சுவரை எடுத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து. 1962இல் திறக்கப்பட்ட பிங்கோராவின் வடகிழக்கு முகம் அழகானதுதான், ஆனால் மிக நீளமானது. அடுத்த பயணத்துக்கு அது காத்திருக்கட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான் வசதியான பருவம். ஜூலையின் தொடக்கத்தில், வழியில் தாண்ட வேண்டிய கணவாயில் பனி கிடக்கக்கூடும். ஜூலை முழுவதும் கொசுக்கள், கூடாரத்துக்கு வெளியே நின்று சமைக்கவே விடாத அளவுக்கு மொய்க்கும். ஆகஸ்டின் பிற்பகுதியில் கொசு குறையும், ஆனால் பகல் சுருங்கி இரவுக் குளிர் கூடும். நான் ஆகஸ்டைத்தான் பரிந்துரைப்பேன்.

இனி சுமை. 9.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள 60 மீட்டர் கயிறு ஒன்று மட்டுமே ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையிருக்கும். விரல் நுழையும் பிளவு முதல் முஷ்டி நுழையும் பிளவு வரை பொருந்தும் கேம்கள் (பிளவுக்குள் விரிந்து பிடிக்கும் கருவிகள்) ஒரு வரிசை, நட்டுகள் (பிளவில் செருகும் உலோக ஆப்புகள்) ஒரு வரிசை, நீட்டிக்கொள்ளக்கூடிய ஸ்லிங்குகள் (நாடா வளையங்கள்) பத்து, ஆங்கர் (கயிற்றைப் பாறையோடு பிணைக்கும் பிடிப்பு) கட்ட நீண்ட கயிற்று வளையங்கள் இரண்டு ஆகியவை தெற்குச் சுவருக்குப் போதும். ஊர்ப் பாறைக்கு எடுத்துச் செல்லும் இரட்டை வரிசைகளை வீட்டிலேயே விட்டுவிடலாம். எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் தலைக்கவசத்தையும் மழைச்சட்டையையும் மட்டும் விட்டுவிடக் கூடாது. பாறைத் திட்டுகளில் கழன்ற கற்கள் ஏராளம். மேலே வேறொரு குழு இருந்தால் அவர்களுடைய கயிறே அவற்றை உருட்டிவிடும். இவை தவிர, இறங்கும்போது விட்டுவிட்டு வருவதற்கென்றே ஆறு மீட்டர் துணைக்கயிறும், அதை வெட்ட ஒரு சிறு கத்தியும் கட்டாயம் வேண்டும். அவை எதற்கு என்பது கீழே வரும்.

நடையை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிக் சாண்டி நிறுத்துமிடத்தின் உயரமே 9,000 அடிக்குச் சற்று மேல். அங்கிருந்து பிக் சாண்டி ஏரி வரையிலான 9 கிலோமீட்டரும் ஆற்றோரமாகச் செல்லும் மென்மையான பாதை. சுமையோடும் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதன்பின் வரும் 5 கிலோமீட்டர்தான் ஆளைச் சோதிப்பது. பாதை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சுமார் 10,800 அடி உயரமுள்ள ஜாக்கஸ் கணவாயை அடைந்த பிறகு, மறுபுறம் 10,166 அடியில் கிடக்கும் லோன்சம் ஏரியை நோக்கிச் சரியும். வழியிலுள்ள ஆரோஹெட் ஏரியின் மேற்குக் கரையில், பெரும்பாறைக் குவியல்களைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு. வெறுங்கையோடு போகிறவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். இருபது கிலோ சுமையோடு கணுக்காலைப் பணயம் வைக்கிறவருக்கு அது மிச்சமில்லை.

கடல்மட்டத்துக்கு அருகில் வாழ்பவர்கள் ஒரே மூச்சில் இந்தத் தூரத்தைக் கடந்து மறுநாளே ஏற முயலக் கூடாது. முதல் இரவை நிறுத்துமிடத்திலோ பிக் சாண்டி ஏரியருகிலோ கழித்து, இரண்டாம் நாள் கணவாயைத் தாண்டி முகாமிட்டு, மூன்றாம் நாள் பாறையைத் தொடுவது நல்லது. தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் மருந்தை நம்பிக் காத்திராமல் கீழே இறங்க வேண்டும்.

முகாமிடுவதில் விதிகள் உண்டு. லோன்சம் ஏரியிலிருந்து கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர், தொலைவுக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது. பலர் தங்கிச் செல்லும் பள்ளத்தாக்கு என்பதால் எந்த ஓடை நீரையும் வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். விறகுத் தீயை மறந்துவிட்டு கேஸ் அடுப்பைப் பயன்படுத்துங்கள். கரடிகள் உலவும் நாடு இது. உணவையும் பற்பசை போன்ற மணமுள்ள பொருட்களையும் கரடி திறக்க முடியாத கெட்டிக் கலனில் போட்டு, கூடாரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கரடியைவிட அதிகத் தொல்லை தருவது மார்மட் எனப்படும் பெரிய மலை அணில்தான்: வியர்வையின் உப்புக்காக, கயிற்றோடு இணைக்க இடுப்பில் அணியும் ஹார்னஸின் வாரையும் பையின் பட்டையையும் கடித்துவிடும். ஹார்னஸைப் பாறைமேல் காயப்போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகாதீர்கள்.

முகாமை அடைந்த மாலையில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, பாறையை எதிரிலிருந்து நிதானமாகப் பார்ப்பது. சுவரின் அடியிலுள்ள தெற்குத் தோளுக்கு ஏறும் புல்திட்டுகள் எங்கே தொடங்குகின்றன, கயிறு கட்ட வேண்டிய இடம் எது, இறங்கும் வழி எந்தப் பக்கம் சரிகிறது என்பவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, அந்தப் படத்தின்மேலேயே கோடு வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பாறையின் அடியில் போய் நின்றால் மேலே இருக்கும் எதுவும் தெரியாது.

ஏறும் நாளின் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். கோடைப் பிற்பகல்களில் இங்கே இடிமழை வழக்கம். அது மேற்கிலிருந்து, சர்க்கின் உயரமான சுவருக்குப் பின்னாலிருந்து வருவதால், மேகம் கண்ணில் படும்போதே தலைக்கு மேல் வந்திருக்கும். ஆகவே நண்பகலுக்குள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். உச்சிக்கு 11 மணி என்றால், நான்கைந்து கயிற்று நீளங்களுக்கு மூன்று மணி நேரம், தோள்வரை ஏற இரண்டு மணி நேரம், வழிதேட ஒரு மணி நேரம் என்று கழித்துக்கொண்டே வந்தால் முகாமிலிருந்து 5 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது புலப்படும். இந்தக் கணக்கோடு, திரும்பும் நேரம் ஒன்றையும் தரையிலேயே இருவரும் பேசி முடிவு செய்து கொள்ளுங்கள். 11.30 ஆகியும் கடைசிக் கயிற்று நீளம் மிச்சமிருந்தால் இறங்குவது என்று முன்பே ஒப்புக்கொண்டவர்களுக்கு, மேலே போனபின் வாதிட எதுவும் இருக்காது. உச்சியைப் பார்த்துவிட்ட கண்ணால் எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை. மின்னல் நெருங்குவதன் அடையாளமாக முடி சிலிர்த்தாலோ கருவிகள் ரீங்கரித்தாலோ நேரக்கணக்கு பார்க்க வேண்டாம்; விளிம்பிலிருந்தும் உச்சியிலிருந்தும் உடனே விலகிக் கீழே செல்ல வேண்டும்.

தோள்வரையிலான புல்திட்டுகளைக் கயிறின்றி ஏறுவது வழக்கம். ஈரமாக இருக்கும்போது அவையே அன்றைய நாளின் மிக ஆபத்தான பகுதி. காலையில் பனித்துளியோ முந்தைய நாள் மழையோ இருந்தால் அங்கேயே கயிறு கட்டிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். சுவரில் ஏறும்போது, முன்செல்பவர் கயிற்றின் முழு நீளத்தையும் இழுத்துக்கொண்டு போவதைவிட, துணைவரின் குரல் எட்டும் தொலைவில் நல்ல திட்டு கிடைத்தால் அங்கேயே நின்று பிலே கொடுப்பது (துணைவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பது) மேல். காற்றில் கூச்சல் கரைந்துவிடும் உயரத்தில், கயிற்றை எத்தனை முறை இழுத்தால் என்ன பொருள் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

இறக்கத்தில்தான் தேர்ந்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். பாறையில் ஏற்கெனவே கட்டியிருக்கும் ஸ்லிங்குகளை அப்படியே நம்பிக் கயிறு போடாதீர்கள். வெயில் நைலானை உள்ளுக்குள் தின்றுவிடும். நிறம் வெளுத்து, தொட்டால் விறைப்பாக இருக்கும் ஸ்லிங்கை வெட்டி எடுத்துவிட்டு, கொண்டுவந்த துணைக்கயிற்றில் புதிதாகக் கட்டுங்கள். அதற்குத்தான் ஆறு மீட்டரும் கத்தியும். ஒற்றை 60 மீட்டர் கயிற்றை மடித்துப் போட்டால் ஒரு இறக்கத்துக்கு 30 மீட்டர்தான் கிடைக்கும் என்பதை மறவாமல் இரு முனைகளிலும் முடிச்சுப் போட்டு, கை நழுவினாலும் கயிற்றை இறுகப் பற்றி நிறுத்தும் ப்ருசிக் முடிச்சும் இட்டு இறங்க வேண்டும். கயிற்றை உருவும்போது அது பிளவில் சிக்கினால், பாதுகாப்பில்லாமல் அதன்மேல் தொற்றி ஏறக் கூடாது.

கைப்பேசிக்கு இங்கே சமிக்ஞை கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; அதோடு, கால் முறிந்த துணைவரைக் கயிற்றில் கீழிறக்கவும் பிலேயிலிருந்து விடுபடவும் ஊரிலேயே பயிற்சி பெற்றிருங்கள். அழைப்பு போய்ச் சேர்ந்தாலும் மழையிலும் இருட்டிலும் ஹெலிகாப்டர் வராது. எனவே ஓர் இரவைத் தாங்கும் வெப்ப உடையும் நெற்றி விளக்கும் பாறைமேலும் உடனிருக்க வேண்டும்.

ஊரிலுள்ள ஒருவரிடம் செல்லும் வழி, காரின் எண், திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அதில் குறிக்கும் நேரத்தைத் தாராளமாகக் குறியுங்கள். திரும்பும் நாளும் கணவாயை நோக்கிய ஏற்றத்தோடுதான் தொடங்கும். நிறுத்துமிடத்தை அடைந்த பிறகும், மண்சாலையில் நெடுந்தூரம் ஓட்டி பைன்டேல் என்ற ஊர்ப் பக்கம் வந்தால்தான் பேச முடியும். அந்த மணிநேரங்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நீங்கள் காரில் பத்திரமாக வந்துகொண்டிருக்கும்போதே உங்களைத் தேட ஆள் கிளம்பியிருக்கும்.