சத்தம் தாங்காத பிள்ளைக்குத் தீபாவளியும் நோம்பும்

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். நாலு வயதில் ஒரு தீபாவளி விடியற்காலை, முதல் சரவெடி கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டான். இரண்டு தெரு தள்ளி நின்றிருந்த மினி லாரிக்கு அடியில் சுருண்டு கிடந்தவனை முக்கால் மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தோம். அப்புறம் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கதவைக் கவனியுங்கள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். பூட்டு மட்டும் வேண்டாம். தீ பிடித்தால் பெரியவர்கள் சட்டென்று திறக்க முடிய வேண்டும். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில், "தனியா பார்த்தீங்கன்னா அதட்டாதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காணோம் என்றால் தயங்காமல் அவசர உதவிக்கான 112 அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுங்கள்.

அடுத்தது சத்தம். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். போதாது. தொழிற்சாலையில் மாட்டுகிற காதுமூடி நன்றாகப் பொருந்தினால் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். ஆனால் அதைத் தீபாவளி அன்றைக்கே முதல் தடவையாக மாட்டினால் பிள்ளை பிடுங்கி எறிந்துவிடும். இருபது நாள் முன்பே தொடங்குங்கள். நாங்கள் மிக்ஸியில் பழக்கினோம். காதுமூடியை மாட்டிக்கொண்டு அவனே சுவிட்சைப் போடுவான், அவனே அணைப்பான். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது: எப்போது வரும் என்று தெரியாமல் வருகிற சத்தம்தான் அவனை அதிகம் நடுங்க வைக்கிறது. அதனால் காலண்டரில் தீபாவளித் தேதிக்கு மேல் பட்டாசுப் படம் ஒட்டி, தினமும் ஒரு கட்டம் அடித்துக்கொண்டு வருவோம். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் அப்படியே நடக்காது என்றாலும், அந்த இரண்டு மணி நேரமும் உள்ளறையில் ஃபேனை வேகமாக வைத்து, அவனுக்குப் பிடித்த கனமான போர்வையோடு நான் கூடவே உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரத்தில் அடுப்பில் எனக்கு வேலை இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எண்ணெய்க் குளியலை முந்தின நாள் சாயந்திரமே முடித்துவிடலாம். மெல்லத் தடவினால் கூசும், உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். புதுத்துணியை இரண்டு மூன்று முறை துவைத்து, கழுத்து லேபிளைத் தையலோடு பிரித்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் தீபாவளியைவிட, அதை ஒட்டி வருகிற கேதார கௌரி நோம்புதான் பெரிசு. அதிரசம் சுட்டு, கோயிலில் படைத்து, வீட்டுக்கு வந்து மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வோம். மணிக்கட்டில் கயிறு பட்டாலே என் மகன் தோல் சிவக்கச் சுரண்டுவான். கட்டாமல் விட்டால் குறையாகிவிடுமே என்று என் மாமியாருக்குக் கவலை. அவர் பயம் எனக்கும் புரிந்தது, அதனால் சண்டை போடவில்லை. "அத்தை, அவன் தினமும் தோளில் போடுற பையில கட்டுங்க, அவன்கூடவே இருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கட்டினார். போன வருஷம் அவனே பையை எடுத்துப்போய் பாட்டி மடியில் வைத்தான்.

கோயிலுக்கு அவனைக் கூட்டிப்போவதில்லை, அவன் அப்பா வீட்டில் இருப்பார். விருந்தாளிகள் வருவதற்கு முன்பே தயிர்சோறு கொடுத்துவிடுவேன். அதிரசம் தின்னச் சொல்லி யாரும் வாயில் திணிக்கக் கூடாது, கன்னத்தைக் கிள்ளக் கூடாது என்று வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது என் நாத்தனார் உள்ளே நுழைந்ததும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவனாகத் திரும்பும் வரைக்கும் பேசாமல் இருக்கிறாள்.