‘பர்ப்பிள் ரெய்ன்’ இசைத்தட்டைக் கணினியில் பதிவு செய்யும் முறை

மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றில், தமிழ்ப்பட இசைத்தட்டுகளுக்கு நடுவே எனக்கு அகப்பட்டது அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் ‘பர்ப்பிள் ரெய்ன்’ திரைப்படப் பாடல் தட்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து இளம் பாடகன் ஒருவன் மேடையில் பேர் வாங்கப் போராடுவதைச் சொல்லும் அந்தப் படம் 1984 ஜூலையில் வெளிவந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூன் 25 அன்று வந்துவிட்ட பாடல் தொகுப்பு, அமெரிக்காவில் தொடர்ந்து 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இத்தட்டைக் கணினிக்கு மாற்ற விரும்புவோர், பாடல்கள் எப்படி உருவாயின என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் குறை என்று நினைத்து நிறையைத் திருத்திவிடுவோம்.

முதல் வேலை, தட்டைச் சுத்தம் செய்வது. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு மிகுதி என்பதால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரையே பயன்படுத்துங்கள். நான் ஒரு தட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்தபோது, வரிப்பள்ளங்களில் படிந்த உப்பு, தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோலப் பாட்டு முழுவதும் பொரிந்தது. இரண்டு முறை மறுபடி கழுவிய பிறகே அடங்கியது. நடுவிலுள்ள காகிதம் நனையாமல், மென்மையான துணியால் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைக்கக் கூடாது.

ஊசியின் அழுத்தத்தை அதனுடன் வந்த தாளில் உள்ளபடி வையுங்கள்; பெரும்பாலும் அது 1.5 முதல் 2 கிராமுக்குள் இருக்கும். பிளேயரை, அதன் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் போனோ பிரீஆம்ப் கருவி வழியாகக் கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒரு பக்கம் முழுவதையும் இடைநிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தெருவெங்கும் கட்டும் ஒலிபெருக்கிகளின் அதிர்வு தரை வழியாக ஊசிக்கு ஏறிவிடும் என்பதால், ஊரடங்கிய பின்னிரவே இதற்கு உகந்த நேரம்.

ஒலியளவை வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதல் பாடலான ‘லெட்ஸ் கோ கிரேஸி’, ஆர்கன் இசையின் மேல் ஒரு பாதிரியார் பேசுவதுபோல நிதானமாகத் தொடங்குகிறது. அதை வைத்து அளவைக் கூட்டிவிட்டால், பின்னால் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து பாயும் இடத்தில் ஒலி கிழிந்துவிடும். ஆகவே அப்பாடலின் முடிவில் கிட்டார் தனித்து அலறும் பகுதியை முதலில் ஓடவிட்டு, மென்பொருளின் அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி (பூஜ்யம்தான் மேல் எல்லை) அமைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பக்கம் ‘வென் டவ்ஸ் க்ரை’ பாடலுடன் தொடங்கும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் நடைபோடுவதைக் கேட்டே வளர்ந்த காதுக்கு, இங்கே அடியில் ஏதோ விட்டுப்போனதுபோலத் தோன்றும். வயரைக் கழற்றி மாட்ட வேண்டாம். ஈக்வலைஸரில் அடிநாதத்தைக் கூட்டவும் வேண்டாம். வாசித்துப் பதிவு செய்திருந்த பேஸை, இறுதிக் கலவையின்போது பிரின்ஸே எடுத்துவிட்டார். அந்த வெறுமையில்தான் டிரம் மெஷினின் ஒவ்வொரு அடியும் தனியாக விழுகிறது.

அதே பக்கத்தின் மற்ற மூன்று பாடல்களுக்கும் அடித்தளம், 1983 ஆகஸ்ட் 3 அன்று மினியாபொலிஸின் ஃபர்ஸ்ட் அவென்யூ அரங்கில் நடந்த நேரடி நிகழ்ச்சி. சில பகுதிகள் பின்னர் ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்டன. இவற்றில் ‘ஐ வுட் டை ஃபோர் யூ’ இடைவெளியின்றி ‘பேபி ஐ’ம் எ ஸ்டார்’ பாடலுக்குள் நுழைகிறது. மென்பொருள் தானாகப் பிரித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்; நீங்களே தாளத்தின் தொடக்கத்தில் வெட்டுக்குறி வைத்து, இடையில் மௌனம் சேர்க்காமல் சேமியுங்கள்.

இரைச்சலை நீக்க வேண்டுமானால், பாட்டு தொடங்குமுன் ஊசி வெறும் பள்ளத்தில் ஓடும் ஓரிரு வினாடிகளை மட்டுமே மாதிரியாகக் கொடுங்கள், அதுவும் மிகக் குறைந்த அளவில். எட்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘பர்ப்பிள் ரெய்ன்’ பாடலின் கடைசியில் வயலின்களும் பியானோவும் சிறுகச் சிறுகத் தேய்ந்து மறைகின்றன. நீக்கம் மிஞ்சினால் அந்தத் தேய்வு நீருக்கடியில் கேட்பதுபோலக் குழம்பிவிடும். எனக்கு மெல்லிய இரைச்சலோடு அந்த வயலின்கள் முழுதாக இருப்பதே மேல்.

எல்லாவற்றையும், ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாகச் சேமித்த பின், முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘டார்லிங் நிக்கி’யின் இறுதியை மட்டும் தனியாக நகலெடுத்து, ரிவர்ஸ் கட்டளையைக் கொடுத்துக் கேளுங்கள். நேராக ஓடும்போது புரியாத முனகலாக இருந்த குரல், நலம் விசாரித்துவிட்டு, ஆண்டவர் விரைவில் வருகிறார் என்பதால் தானும் நலமே என்று தெளிவாகப் பாடும்.