டிசைன் பேட்டர்ன் சொந்தமாகக் கற்க: பழைய கோடிலிருந்து தொடங்குங்கள்

புரோகிராம் எழுதும்போது அடிக்கடி வரும் சிக்கலுக்கான, பெயரிட்ட தீர்வு முறைதான் டிசைன் பேட்டர்ன். 1994-ல் நான்கு பேர் எழுதிய நூல் 23 பேட்டர்ன்களைத் தொகுத்தது. வரிசையாகப் படித்தால் ஐந்தாவதிலேயே தூக்கம் வரும். முதலில் ஸ்ட்ராட்டஜி (ஒரே வேலைக்கான பல வழிகளைத் தனித்தனியாக்கி, வேண்டியதைத் தேர்வது), அப்சர்வர் (ஒரு நிகழ்வு நடந்ததும், பதிவு செய்தவர்களுக்கெல்லாம் தெரிவிப்பது), அடாப்டர் போதும்.

ஸ்ட்ராட்டஜியைப் பழக, ஏற்கெனவே எழுதிய புராஜெக்டைத் திறந்து, நீளமான இஃப்-எல்ஸ் ஒன்றைத் தேடுங்கள். டெலிவரி கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம்: சாதாரணம், எக்ஸ்பிரஸ், கடையில் வந்து எடுப்பது. கை வைக்கும் முன் மூன்றுக்கும் தனித்தனி டெஸ்ட் எழுதி, கிட்டில் (Git, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்யுங்கள். இல்லாவிட்டால், மாற்றியபின் விடை தவறினாலும் தெரியாது. பிறகு ஒவ்வொரு கிளையையும் தனி ஃபங்ஷனாக வெட்டியெடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி உள்ளீட்டை வாங்கி ஒரே வகை மதிப்பைத் திருப்ப வேண்டும். வகையின் பெயருக்கு எதிரே ஃபங்ஷனை வைத்து ஒரு டிக்‌ஷனரி போட்டால் இஃப்-எல்ஸ் போய்விடும். பைத்தானில் ஸ்ட்ராட்டஜி இவ்வளவுதான். ஜாவா பாணியில் இன்டர்ஃபேஸும் மூன்று கிளாஸும் எழுதுவது வீண் வேலை. நான்காவது வகையைச் சேர்த்துப் பாருங்கள். பழைய ஃபங்ஷன் எதையும் தொட வேண்டியிராவிட்டால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

அடாப்டர் சுலபம்: வெளி லைப்ரரியை அழைக்கும் வரிகளை ஒரே கிளாஸுக்குள் அடைப்பது.

அப்சர்வரில் சறுக்கும் இடம், பதிவு செய்த லிசனரை (நிகழ்வுக்காகக் காத்திருக்கும் ஆப்ஜெக்டை) நீக்க மறப்பது. திரையை மூடியபின்னும் அந்த ஆப்ஜெக்ட் மெமரியில் கிடக்கும். மறுபடி திறந்தால் ஒரே நிகழ்வுக்கு இருமுறை ஓடும்.

எளிதாகத் தெரிவதால் பலரும் சிங்கிள்டனில் (புரோகிராம் முழுக்க ஒரே ஆப்ஜெக்டைப் பகிரும் பேட்டர்ன்) தொடங்குகிறார்கள். வேண்டாம். ஒரு டெஸ்ட் மாற்றிய நிலை அடுத்த டெஸ்டிலும் ஒட்டிக்கொள்ளும்; தனியாக ஓட்டினால் பாஸ், சேர்த்து ஓட்டினால் ஃபெயில். தேவையான ஆப்ஜெக்டைக் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) வழியே கொடுத்துவிடுங்கள்.

இரண்டே கிளையுள்ள, மாறவே போகாத இஃப்-எல்ஸை அப்படியே விட்டுவிடலாம்.